அடுத்த வண்டி போயிட்டு!

வாலே பேராண்டி. கால்ல விழுந்தது போதும், எந்திரி. திருநூறு பூசியாச்சு, உக்காரு. ஆனா எந்திரிக்கும்போது ஒரு வார்த்தை சொன்ன பாத்தியா, "ஒங்களுக்கு என்ன தாத்தா, எம்பதுதானே ஆவுது, இன்னும் ஒரு எம்பது கல்லு கணக்கா ஓடுவீங்க"ன்னு? அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருப்பி எடுத்துக்கோ. ஏம்னு இப்ப கேக்காத. கடைசில சொல்லுதேன்.

சரி, ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம் கெடச்சிட்டு. பரீட்சை எழுதிப் பாஸாயி வாங்கிருக்க, சந்தோசம். போட்டிருக்கிற ஊருதான் ஒனக்குப் புடிக்கல. ஒரு நாளைக்கு நாலு வண்டி, அதுல ரெண்டு நிக்காது, பிளாட்பாரத்துல ஆட்டுப்புழுக்கைன்னு ஒங்க அம்மைகிட்ட பொலம்புனியாம். "ஒரே மாசம், அந்த ஸ்டேஷனைத் தலைகீழா மாத்திக் காட்டுதேன்"னு சவால் வேற. தலைகீழா மாத்துறதுக்கு ஒரு மாசம் எதுக்குலே? ஒன் சூட்டிகைக்கு மூணு நாள் போதுமே.

நான் முப்பத்தெட்டு வருசம் ரயில்வே கேட்டைத் தொறந்து மூடுனவன். ஸ்டேஷன் மாஸ்டருக்குப் புத்தி சொல்லுற தகுதி கேட் கீப்பருக்குக் கெடையாது. அதனால நான் சொல்லல. ஒரு வெள்ளைக்காரன் சொல்லுதான், கேட்டுக்கோ. 1937ல வந்த இங்கிலீஷ் படம், பேரு 'ஓ, மிஸ்டர் போர்ட்டர்!'. சின்ன வயசுல ஒரு மட்டம், ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல வேட்டியத் திரையாக் கட்டிப் படம் போட்டப்போ பாத்தேன். பாஷை ஒரு மண்ணும் வெளங்கல. விழுந்து விழுந்து சிரிச்சேன். போன மாசம் ஒன் தங்கச்சி செல்போன்ல போட்டுக் குடுத்தா. இப்ப பாஷையும் பாதி வெளங்குது, எழுத்து வேற கீழ ஓடுது. அன்னைக்குச் சிரிச்ச எடத்துல இன்னைக்குச் சிரிப்பு வரல. அன்னைக்குச் சும்மா இருந்த எடத்துல இன்னைக்குப் பொரையேறிட்டு.

கதையக் கேளு. வில்லியம் போர்ட்டர்னு ஒருத்தன். பேர்தான் போர்ட்டர், சோலி என்னன்னா வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால தட்டிப் பாக்குறது. இப்பத்தான் அதுக்கெல்லாம் மிஷின் வந்துட்டு. அப்ப வண்டி வந்து நின்னா ஒரு ஆளு நீளச் சுத்தியலோட குனிஞ்சுகிட்டே போவான். ஒவ்வொரு சக்கரமா ஒரு தட்டு. கணீர்னு கேட்டா நல்ல சக்கரம். பொத்துன்னு கேட்டா எங்கயோ கீறல் விட்டிருக்குன்னு அர்த்தம். ஒன் ஆச்சி சந்தையில தேங்காயத் தட்டி வாங்குவால்லா, அதே வித்தைதான். காதுதான் முதல். இதை மனசுல முடிஞ்சு வச்சுக்கோ, பொறவு வேணும்.

இந்தப் போர்ட்டரோட கூடப்பொறந்தவளக் கட்டுனவன் ரயில்வேல பெரிய டைரக்டர். பொண்டாட்டி நச்சரிப்பு தாங்கல. மச்சினனுக்கு ஒரு உத்தியோகம் போட்டுக் குடுத்தாவணும், ஆனா கண்ணு முன்னால வச்சுக்கிடவும் முடியாது. பய தொட்டதெல்லாம் வெளங்காது. என்ன செய்யலாம்? மேப்பை விரிச்சு, எந்த ஸ்டேஷன் கடைசில இருக்குன்னு பாத்தாங்க. வட அயர்லாந்துல, எல்லைக்கு ஓரமா, பக்கிள்ஸ்கெல்லின்னு ஒரு ஊரு. அங்க ஸ்டேஷன் மாஸ்டர் வேலை காலி. ஏன் காலின்னு யாரும் சொல்லல, இவனும் கேக்கல. தலையில தொப்பி ஏறுன சந்தோசத்துல வண்டி ஏறிட்டான்.

மொதப் புத்தி இங்கயே இருக்கு. பதவி தேடி வந்தா மாலையப் பாக்காத, நாற்காலியப் பாரு. அதுல முந்தி உக்காந்திருந்தவன் எங்க போனாம்னு விசாரி. அந்த ஊர்ல இவனுக்கு முந்தி இருந்தவன் ஒருத்தனும் உருப்படியா ஊர் போயிச் சேரல. சிலர் காணாமப் போனாங்க, சிலர் செத்தாங்க. எல்லாம் ஒத்தக்கண்ணு ஜோங்கிற மில்லுக்காரன் பேயோட சோலின்னு ஊருக்குள்ள பேச்சு. ஒனக்கு வெறும் ஆட்டுப்புழுக்கைதான். ஒன் ஜாதகம் எவ்வளவோ தேவலை.

ராத்திரி நேரம், கொட்டுற மழை. நனைஞ்சுகிட்டே போயி ஸ்டேஷன் கதவைத் தட்டுதான். சன்னல் தொறக்குது. பல்லில்லாத ஒரு கிழவன் தலைய நீட்டி, "அடுத்த வண்டி போயிட்டு"ன்னு சொல்லிப்போட்டு டப்புன்னு சாத்துதான். திருப்பித் தட்டுனாலும் அதே பதில்தான்.

சின்ன வயசுல இந்த எடத்துல சிரிச்சதோட சரி. இப்ப யோசிச்சுப் பாக்கேன். அடுத்த வண்டி எப்பிடிலே போயிருக்கும்? போனா அது முந்துன வண்டில்லா? ஆனா முப்பத்தெட்டு வருசம் ரயில்வேல கெடந்தவனுக்கு அந்த வார்த்தை வேதம் மாதிரிப் படுது. என்ன கேள்வி கேட்டாலும் கேட்டவனைத் திருப்பி அனுப்புற பதில் அது. அந்தக் கிழவன் பேரு ஹார்பாட்டில். அவன் கூட ஆல்பர்ட்னு ஒரு தடியன், மூக்குக்கு மேல வாயி. ரெண்டு பேருந்தான் அந்த ஸ்டேஷனோட மொத்தச் சிப்பந்தி.

மறுநாக் காலம்பற பழைய ரயில்பெட்டிக்குள்ள படுத்துக் கெடக்கிற போர்ட்டர் முழிச்சுப் பாக்கான், சன்னல் வழியா ஒரு பசுமாடு தலைய விட்டுக்கிட்டு நிக்கி. யார் வீட்டு மாடு? எங்கயோ போவ வேண்டிய மாடு, வழியில இங்க 'காணாமப்' போயிட்டு. கிழவன் அதுல பால் கறந்துகிட்டு இருக்கான். நாஷ்டாவுக்குப் பன்றிக்கறி. அது எங்க இருந்து? ஒரு சம்சாரி ரயில்வேய நம்பி ஒப்படைச்ச குட்டிங்க. காய்கறி, சாமான்? டிக்கெட்டக் குடுத்துட்டு ஊர்க்காரங்ககிட்ட பண்டமாத்து. கடை கண்ணிக்குப் போவாமலே அங்க ஒரு குடித்தனம் நடந்துகிட்டு இருக்குலே!

ரெண்டாவது புத்தி. புது எடத்துல நாஷ்டா குடுத்தா, திங்கிறதுக்கு முந்தி எங்க இருந்து வந்துச்சுன்னு கேளு. தின்னுட்டுக் கேட்டா நீயும் அந்தக் குட்டிக்குப் பங்காளி. போர்ட்டர் தின்னுட்டுத்தான் கேட்டான்.

பொறவு தொடங்குது பாரு சீர்திருத்தம். பெயின்ட் வாளியத் தூக்குதான், ஸ்டேஷனுக்குப் புதுச்சாயம் அடிக்கான். எக்ஸ்பிரஸ் வண்டிய நம்ம ஸ்டேஷன்ல நிப்பாட்டிக் காட்டுதேம்னு கெளம்புதான். அது நிக்குமா? நிக்கல.

இதைப் பாக்கும்போதுதான் எனக்குப் பொரையேறிச்சு. நான் வேலை பாத்த பகுதியில ஒரு சின்ன ஸ்டேஷன், பேரு வேண்டாம். ஒரு புது மாஸ்டர் வந்தாரு, ஒன் வயசுதான் இருக்கும். சார்ஜ் எடுத்த அன்னைக்கே பிளாட்பாரத்துக் கடியாரத்தைப் பாத்தாரு. பத்து நிமிசம் கூட ஓடுது. "இத்தன வருசமா ஒருத்தனுக்கும் கண்ணு தெரியலையா"ன்னு சத்தம் போட்டு, ஏணி கொண்டாரச் சொல்லி, அவர் கையாலயே முள்ளைத் திருப்பி வச்சாரு. அந்த ஸ்டேஷன்ல மூட்டை தூக்குற கிழவர் ஏணியப் புடிச்சுகிட்டு நின்னாரு, வாயத் தொறக்கல. மறுநா காலை வண்டிக்குப் பாதி ஊரு வந்து சேரல. வண்டி பொறப்பட்டப்புறம் பால் கேன், பூக்கூடை, கோர்ட்டுக் கட்டு எல்லாம் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருது. அந்தக் கடியாரத்தைப் பத்து நிமிசம் முன்ன தள்ளி வச்சதே அந்தக் கிழவர்தான். எங்க ஊருச் சனம் எட்டு மணின்னா எட்டு அஞ்சுக்குத்தான் வீட்ட விட்டு எறங்கும்னு அவருக்குத் தெரியும். மாஸ்டர் வச்ச மணி சரியான மணி, வண்டியப் புடிச்சது யாரு? சாய்ங்காலம் ஏணி திரும்ப வந்துச்சு. இந்த மட்டம் கிழவர் ஏறுனாரு, மாஸ்டர் புடிச்சுகிட்டாரு.

அதனால சொல்லுதேன். ஒன் ஸ்டேஷன்ல எது கோணலா இருந்தாலும், அதை நிமித்துறதுக்கு முந்தி யாரு வளச்சாங்க, எதுக்கு வளச்சாங்கன்னு ஒரு வாரம் காது குடுத்துக் கேளு. பொறவும் கோணல்னு பட்டா தாராளமா நிமித்து. கூடவே, மாட்டுல பால் கறக்கிறவனையும் கடியாரத்தத் தள்ளி வைக்கிறவனையும் ஒண்ணாச் சேத்துராத. ரெண்டும் விதிமீறல்தான். ஒருத்தன் தனக்கு மீறுதான், ஒருத்தன் ஊருக்கு மீறுதான்.

கதைக்கு வாறேன். ஸ்டேஷனுக்கு வருமானம் காட்டணும்னு போர்ட்டர் ஒரு உல்லாச ரயில் விடுதான், கானிமாராவுக்கு. டிக்கெட் விக்கச் சாராயக்கடைக்குப் போறான். எந்த ஊருக்கு ரயில் விடணும்ங்கிறதுல அங்க அடிதடி. தப்பிச்சு மாடிக்கு ஓடுனா அங்க ஒரு ஒத்தக்கண்ணு ஆளு உக்காந்திருக்கான். பேரு ஜோங்கான். நாளைக்கு எங்க ஊரு புட்பால் டீம் வெளியூர் போவுது, மொத்த டிக்கெட்டையும் நானே எடுத்துக்கிடுதேங்கான். டீம் பேரு 'பக்கிள்ஸ்கெல்லி புதன்கிழமை'! ஏம்லே, ஒத்தக்கண்ணு ஜோன்னு ஒரு பேய் ஊரையே ஆட்டுது. ஒத்தக்கண்ணோட ஜோங்கிற பேர்ல ஒருத்தன் எதுக்க உக்காந்திருக்கான். போர்ட்டருக்கு ஒரு சந்தேகம் வரணுமே! தொப்பி ரொம்ப எறக்கமா இருந்திருக்கும், கண்ணை மறைச்சிருக்கும்.

பத்து மணி வண்டிய வெள்ளனே ஆறு மணிக்கே எடுங்கான். எடுக்கான். நீள நீளமாப் பொட்டலம் ஏத்துதாங்க. என்னன்னு கேட்டா கோல் போஸ்ட்டுங்கான். நம்புதான். வெளியூருக்கு ஆடப் போறவன் எவனாவது கோல் போஸ்ட்டைக் கையோட தூக்கிட்டுப் போவானா? பேரம் பேசாம மொத்தச் சரக்கையும் ஒருத்தன் வாங்குதாம்னா, அவன் ஒன் சரக்க வாங்கல, ஒன்னத்தான் வாங்குதான். இது மூணாவது புத்தி.

பொட்டலத்துக்குள்ள துப்பாக்கி. எல்லை தாண்டி அயர்லாந்து சுதந்திர நாட்டுக்குக் கடத்துற கும்பல் அது. அந்த எல்லைக் கதையையும் ஒரு வாய் கேட்டுக்கோ. 1921ல அயர்லாந்தை ரெண்டாக் கிழிச்சாங்க. 1923ல கோட்டுக்கு மேல சுங்கச்சாவடி போட்டாங்க. நேத்து வரைக்கும் அடுத்த தெருவுக்குக் கொண்டு போன வெண்ணெய் மறுநாள் கடத்தல் சரக்கு. அந்தக் கோட்டுக்காக ரத்தம் சிந்துன சனம் அந்த மண்ணுல உண்டு. படம் அதைத் தொடவே இல்ல. துப்பாக்கி யாருக்கு, எதுக்கு, ஒரு பேச்சுக் கெடையாது. சிரிப்புப் படத்துக்கு அது ஆகாதுன்னு விட்டுட்டாங்க. அயர்லாந்து மண்ணைக்கூட மிதிக்கலலே! ஸ்டேஷன் எடுத்தது தெக்கு இங்கிலாந்துல, பேசிங்ஸ்டோக் பக்கத்துல கிளிட்ஸ்டன்னு ஒரு தகரக் கொட்டகை. பொறவு வாற பேய்க் காத்தாடி மில்ல எடுத்தது எசெக்ஸ்ல, டெர்லிங்னு ஒரு ஊர்ல. அயர்லாந்துன்னு நாமதான் நம்பிக்கிடணும். நம்ம படத்துல கோடம்பாக்கத்துல செட்டுப் போட்டுக் காஷ்மீர்னு சொல்லலையா, அது மாதிரி.

சரி, வண்டி போச்சு. போனது போனதுதான், அடுத்த ஸ்டேஷன்ல வந்து சேரல. ஒரு முழு ரயிலையே தொலைச்சவன்னு போர்ட்டரக் கோட்டிக்காரனாக்கிட்டாங்க. புதன்கிழமைன்னு ஒரு டீமே கெடையாதாம். மூணு பேருமாத் தேடிப் போறாங்க. கைவிட்ட ஒரு பழைய கிளைப்பாதை, இடிஞ்ச குகை, அதுக்குள்ள நிக்கி வண்டி. மேல பேய் மில்லு. மாட்டிக்கிடுதாங்க, தப்பிச்சு மில்லு மேல ஏறுதாங்க, சுத்துற எறக்கையப் புடிச்சுத் தொங்குதாங்க. ஒருத்தன் மேல போவ, ஒருத்தன் கீழ வர. போர்ட்டர் மூஞ்சி மேல போவும்போது ஸ்டேஷன் மாஸ்டர், கீழ வரும்போது பச்சப்புள்ள.

விழுறதுல எப்பிடித் தாத்தா சிரிப்பு வருதுன்னு கேப்ப. விழுறது சிரிப்பே இல்லலே. பாரம் தூக்குறவன் விழுந்தா ஓடிப்போயித் தூக்குவோம். தொப்பி வச்சவன் விழுந்தாத்தான் சிரிப்பு. அதுலயும் அவன் விழுந்தப்புறம் மொதல்ல தொப்பியத் தேடுதாம் பாரு, அங்கதான் வயிறு வலிக்கும். வில் ஹேங்கிற அந்த நடிகருக்கு இந்தச் சூத்திரம் அத்துபடி. மூக்கு நுனியில நிக்காத ஒரு கண்ணாடி, அதுக்கு மேல எட்டிப் பாக்குற பார்வை, பதில் தெரியாதப்ப ஒரு மூக்குறிஞ்சல். நாடக மேடையில அவர் வருசக்கணக்காப் போட்ட வேசம் ஒண்ணுமே தெரியாத வாத்தியார். பையங்க கேள்வி கேப்பாங்க, இவர் தெரிஞ்ச மாதிரியே சுத்திச் சுத்திப் பதில் சொல்லிக் கடைசில மொதக் கேள்வியே என்னன்னு மறந்துருவார்.

இப்ப ஒரு சங்கதி சொல்லுதேன், ஆடிப்போயிருவ. இந்தக் கோமாளி நெசத்துல யாரு தெரியுமா? 1933 ஆகஸ்ட் 3, ராத்திரி. லண்டனுக்குத் தெக்கே நார்பரிங்கிற எடத்துல, தன் வீட்டுல வச்சிருந்த ஆறு அங்குல டெலஸ்கோப்புல சனிக்கிரகத்தைப் பாத்துகிட்டு இருந்தார். அது மேல ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி. முந்தி இல்லாதது. ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கிற படிச்சவங்களுக்குச் சொல்லிவிட்டார், அவங்களும் பாத்து ஆமான்னுட்டாங்க. வானத்துச் சோலிக்கு மட்டும் டபிள்யூ. டி. ஹேன்னு வேற மாதிரிக் கையெழுத்துப் போடுவார், கோமாளி பேரப் பாத்துட்டு எவனும் சிரிச்சிரக் கூடாதுன்னு. 1935ல டெலஸ்கோப் பத்தி ஒரு புஸ்தகமும் எழுதுனார். இன்னைக்கும் 3125ம் நம்பர் சிறுகோளுக்கு அவர் பேரு. சனியோட பார்வை நம்ம மேல விழுந்துரக் கூடாதுன்னு நாம எள்ளு வெளக்குப் போடுதோம். அந்த மனுசன் சனி மேல பார்வைய விட்டுட்டு உக்காந்திருந்திருக்கார். நாலு வருசத்துல இந்தப் படம். சனி அவர ஒண்ணும் செய்யல, கொடுக்கத்தான் செஞ்சிருக்கு.

ஒண்ணும் தெரியாதவன், எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடிக்கான். அவன்தான் போர்ட்டர். நெறையத் தெரிஞ்சவர், ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கார். அவர்தான் வில் ஹே. ஒன் ஸ்டேஷன்லயும் ரெண்டு ரகமும் இருக்கும். வித்தியாசத்தைக் கண்டுபுடிக்க ஒரு வழிதான். போர்ட்டர் கையில முந்தி இருந்துச்சே, அந்தச் சுத்தியல். தட்டிப் பாத்துக் காது குடுக்கணும். எத்தன ஆயிரம் சக்கரத்தைத் தட்டிருப்பான், நல்லது கெட்டது காதுலயே தெரிஞ்சவன். தொப்பி ஏறுனதும் சுத்தியலக் கீழ போட்டுட்டான். ஆல்பர்ட்டத் தட்டிப் பாக்கல, ஹார்பாட்டிலத் தட்டிப் பாக்கல, ஒத்தக்கண்ணனத் தட்டிப் பாக்கவே இல்ல. ஒரு தட்டுத் தட்டிருந்தா பொத்துன்னு கேட்டிருக்கும். படத்தோட மொத்தக் கூத்தும் அதனால வந்ததுதான். எனக்கு இது இந்த வயசுலதான் வெளங்கிச்சு.

அந்தப் பல்லில்லாக் கிழவன் இருக்காம்லா, ஹார்பாட்டில்? அந்த வேசம் போட்ட மூர் மாரியட்டுக்கு அப்ப அம்பத்திரண்டு வயசுதான். வில் ஹேயைவிட மூணே வயசு மூப்பு. தாடியும் பொக்கை வாயுமா எழுபது எம்பது காட்டுதார். சின்ன வயசுல பாத்தப்போ, "பாவம், இந்த வயசுல இந்தக் கிழவனப் போட்டு இந்தப் பாடு படுத்துதாங்களே"ன்னு இரக்கப்பட்டேன். இப்ப எனக்கு அவர் மகன் வயசு. இரக்கத்தைத் திருப்பிக் கேக்கலாமான்னு பாக்கேன். தடியன் ஆல்பர்ட்டா வந்த கிரகாம் மொஃபட்டுக்குப் பதினேழு பதினெட்டுதான்.

மனுசனுக்கு மட்டுமா வேசம்? கிளாட்ஸ்டன்னு ஒரு எஞ்சின் வருது. படத்துல அதுக்குத் தொண்ணூறு வயசு. தென்னமரம் கணக்கா ஒரு நெட்டப் புகைக்குழாய், நுனி பல்லு பல்லாப் பிஞ்சு நிக்கி. நெசத்துல அது 1899ல செஞ்ச எஞ்சின். கென்ட்ல ஒரு சின்ன ரயில்வே கம்பெனியில நார்த்தியம்ங்கிற பேர்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. அதை எரவல் வாங்கி, புகைக்குழாய மாட்டி, கிழவனாக்கிட்டாங்க. அப்ப அதுக்கு வயசு முப்பத்தெட்டு. நான் கேட்ல கெடந்த வருசக் கணக்கு. கிளாட்ஸ்டன்ங்கிற பேர்ல இங்கிலாந்துல ஒரு பிரதம மந்திரி இருந்தார், நாலு மட்டம் பதவிக்கு வந்தவர். நாலாவது மட்டம் ஏறும்போது எம்பத்திரண்டு வயசு. அயர்லாந்துக்குச் சுயாட்சி வாங்கிக் குடுத்துரணும்னு ரெண்டு மட்டம் மசோதா கொண்டாந்து ரெண்டும் தோத்துட்டு. எல்லையில ஓடுற கிழட்டு எஞ்சினுக்கு எப்பிடிப் பொருந்துது பாத்தியா பேரு!

அந்த எஞ்சின்தான் கடைசில படத்தையே இழுக்குது. கடத்தல்காரங்க உள்ள இருக்கையிலேயே வண்டிய கிளாட்ஸ்டன்ல கோத்து, எல்லைக்கு எதிர்ப்பக்கமாப் பறக்க விடுதாங்க. கரி தீந்து போச்சு. கைக்குக் கெடச்சதெல்லாம் அடுப்புக்குள்ள. ஹார்பாட்டிலோட உள்ளாடை வரைக்கும் போவுது. வழியில முட்டி ஒடச்ச கேட்டுக் கதவும் அடுப்புக்குள்ள. நான் முப்பத்தெட்டு வருசம் எண்ணெய் போட்டுக் காப்பாத்துன மாதிரி ஒரு கேட்டு, அங்க வெறகு. மனசு கேக்கல, ஆனாலும் சிரிச்சேன். ஆல்பர்ட்டு பெட்டி மேல ஏறி நின்னுகிட்டு, சன்னல் வழியா எவன் தலைய நீட்டுனாலும் மம்பட்டி மாதிரி ஒரு கரிச்சட்டுவத்தால ஒரே போடு. ஒரு சத்தம், ஒரு தலை உள்ள போவும். அடுத்த சன்னல்ல அடுத்த தலை. இதுக்கு என்னத்துக்குலே பாஷை?

பிரான்ஸ்காரர் ஒருத்தர், மார்செல் வார்னெல், அவர்தான் டைரக்டர். வண்டி கெளம்புனா நிக்கவே விடல. ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள படம் முடிஞ்சுட்டு. பேச்சும் அப்பிடித்தான், மூணு பேரும் ஒருத்தன் வாயில இருந்து இன்னொருத்தன் புடுங்கிப் பேசுவாங்க. படத்தோட பேருகூட 1892ல மேரி லாயிட்னு ஒரு அம்மா மேடையில பாடுன வேடிக்கைப் பாட்டுல இருந்து எடுத்தது. பர்மிங்காம் போவணும்னு ஏறுன பொம்பளய வண்டி குரூவுக்குக் கொண்டு போவுதுன்னு பாட்டு. பேய் ரயில் சங்கதிக்கும் மூதாதை உண்டு. 1920கள்ல ஆர்னால்ட் ரிட்லின்னு ஒருத்தர், ஒரு சின்ன ஸ்டேஷன்ல வண்டி இல்லாம மணிக்கணக்காக் காத்துக் கெடந்த கடுப்புல பேய் ரயில் நாடகம் ஒண்ணு எழுதிட்டார். நாடகம் ஓடு ஓடுன்னு ஓடிச்சு. சின்ன ஸ்டேஷன்ல வேலை இல்லங்கியே, அதுக்காகச் சொன்னேன். வண்டி வராத நேரத்துலதான் கதை வரும்.

அந்த ரிட்லியே பொறவு கிழவனாயி, 1968ல தொடங்குன 'டாட்ஸ் ஆர்மி'ங்கிற டிவி தொடர்ல ஊர்க்காவல் படைக் கிழவனா நடிச்சார். அந்தத் தொடர உண்டாக்குன ஜிம்மி பெர்ரிக்கு அதுல வாற முக்கியமான மூணு பேரச் சேக்குற யோசனை எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? இந்தப் படத்துல இருந்துதான். வீறாப்புத் தலைவன் ஒருத்தன், ஒரு கிழவன், ஒரு விடலைப் பய. இந்த மூணும் ஒரு வீட்டுல இருந்தாலும் கூத்து, ஆபீஸ்ல இருந்தாலும் கூத்து. இந்தத் திண்ணையில இப்ப ரெண்டு இருக்கு, நல்லாப் பாத்துக்கோ.

ஆனா அந்த மூணு பேரும் ரொம்ப நாள் சேந்து இருக்கல. ஆறே படம். கூட ரெண்டு பேரும் இல்லாமலும் நான் நிப்பேம்னு காட்ட வில் ஹேக்கு ஆசை, தனியாப் போயிட்டார். படமெல்லாம் எடுத்தார். ஆனா இன்னைக்கும் சனம் தேடிப் பாக்கிறது அந்த மூணையும் சேத்துத்தான். ஒன் கூட இருக்கிற கிழவனும் தடியனும் ஒனக்குத் தொந்தரவாத் தெரிவாங்க. அவங்க இல்லன்னா ஒனக்குக் கதையே கெடையாது. இது நாலாவது புத்தி, இதுதான் கடைசி.

அந்த கிளிட்ஸ்டன் ஸ்டேஷன் என்னாச்சுன்னு கேக்கியா? 1901ல தொறந்த பாதை அது. முதல் உலகப்போர்ல தண்டவாளத்தையே பேத்துப் பிரான்சுக்கு அனுப்பிட்டாங்க. பொறவு திரும்பப் போட்டாங்க. 1932ல ஆளு ஏத்துறத நிப்பாட்டிட்டாங்க. அந்தப் பாதைக்கு வாழ்நாள்ல கெடச்ச பெரிய வருமானமே சினிமாக்காரந்தானோ என்னமோ. 1928லயே ஒரு மட்டம் வேற படத்துக்காக நெச எஞ்சினையும் பெட்டியையும் அங்க ஓடவிட்டு மோத வச்சாங்க. 1937ல போர்ட்டர் போயிட்டு வந்தார், அதோட சரி. தண்டவாளம் பேத்தாச்சு. நெசமாவே அடுத்த வண்டி போயிட்டு. நார்த்தியம் எஞ்சின், வேசத்தைக் கலைச்சுப்போட்டுத் தன் ஊருக்குப் போயிக் கொஞ்ச காலம் ஓடி, 1941ல பழைய இரும்புக்குப் போயிட்டு.

இப்ப மொதல்ல சொன்னேம்லா, ஒரு வார்த்தையத் திருப்பி எடுத்துக்கோன்னு. அதுக்கு வாறேன். படத்தோட கடைசி எடம். எல்லாக் கடத்தல்காரனும் மாட்டிட்டான். சைடிங்ல மோதி வண்டி நின்னுட்டு. மூணு பேருக்கும் கொண்டாட்டம். அப்ப ஹார்பாட்டில் சொல்லுதான், கிளாட்ஸ்டனுக்கு வயசு தொண்ணூறுன்னு. போர்ட்டர் என்ன செஞ்சிருக்கணும்? சக்கரம் தட்டுனவன்லா? கொதிச்சுகிட்டு நிக்கிற அந்தக் கிழட்டு எஞ்சின் பக்கத்துல போயி, பைய ஒரு தட்டுத் தட்டி, காதுகுடுத்துக் கேட்டிருக்கணும். கேக்கல. தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு, இன்னும் ஒரு தொண்ணூறு வருசம் நல்லா ஓடும்னு சொல்லிட்டான்.

சொல்லி வாய மூடல, எஞ்சின் வெடிச்சுட்டு.

மூணு பேரும் தொப்பியக் கழத்திக் கையில வச்சுக்கிட்டுத் தலைகுனிஞ்சு நிக்காங்க. படம் முழுக்க அவன் தொப்பிய மனசோட கழத்துனது அங்கதான்.

அதனாலதான் சொன்னேன் எய்யா, இன்னும் எம்பது வருசம் ஓடுவீங்கன்னு கெழவன்கிட்ட சொல்லக்கூடாது. சொல்லுறதுக்குப் பதில், வாரத்துக்கு ஒரு மட்டம் போன் போடு. "என்ன தாத்தா"ன்னு ஒரு தட்டுத் தட்டு. என் சத்தம் கணீர்னு வருதா பொத்துன்னு வருதான்னு ஒன் காதுக்கே தெரியும்.

சரி, எந்திரி. தொப்பி எங்க? தலையில வைக்காத, பையில வை. ஒன் வண்டிக்கு நேரமாவுது. செவுத்துக் கடியாரத்தைப் பாத்து மலைக்காத. அது பத்து நிமிசம் கூட ஓடும், நாந்தான் தள்ளி வச்சிருக்கேன்.